திசைகாட்டியை ஒலிபெருக்கியின் காந்தத்திலிருந்து காக்க எந்த உலோகம் உதவும்?

கேள்வி

கல்லூரிச் செயல்திட்டமாகத் தானாக ஓடும் சிறு வண்டியொன்றைச் செய்கிறோம். அதிலுள்ள மின்னணுத் திசைகாட்டியின் அளவீட்டை, அருகிலிருக்கும் ஒலிபெருக்கியின் நிலைக்காந்தம் குலைக்கிறது. ஒலிபெருக்கியை அலுமினியத் தகட்டால் மூடியும் மாற்றமில்லை. ஆனால் ஆய்வகத்தில் அலுமினியக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டால் அது மிக மெதுவாக இறங்குகிறது. அங்கே காந்தத்தை எதிர்க்கும் அலுமினியம் இங்கே ஏன் புலத்தைத் தடுக்கவில்லை? இன்னும் தடிமனான தகடு போதுமா?

மறுமொழி 1

தடிமனைக் கூட்டிப் பயனில்லை. குழாய்க்குள் காந்தம் நகர்வதால் சுவரில் புலம் மாறுகிறது; அந்த மாற்றம் தூண்டும் சுழல் மின்னோட்டமே காந்தத்தின் இயக்கத்தை எதிர்க்கிறது. உங்கள் ஒலிபெருக்கியின் காந்தம் அசையாமல் இருப்பதால் அங்கே சுழல் மின்னோட்டத்துக்கு இடமேயில்லை. அலுமினியத்தின் ஒப்புமை உட்புகுதிறன் (வெற்றிடத்தோடு ஒப்பிடும்போது காந்தப்புலத்தைத் தன்வழியே செல்லவிடும் திறன்) ஏறத்தாழ 1.00002 என்பதால், நிலையான புலத்துக்கு அது காற்றைப் போன்றதே. செம்பும் அவ்வாறே. மாறுகின்ற புலத்திலும் அதிர்வெண்ணைப் பொறுத்தே பலன் கிடைக்கும்: செம்பில் புலம் ஊடுருவும் ஆழம் 50 ஹெர்ட்சில் 9 மி.மீ.க்குச் சற்று மேல், 1 மெகாஹெர்ட்சிலோ 0.07 மி.மீ.க்கும் குறைவு.

தனித்த காந்தமுனை கிடையாது என்பதால் புலக்கோடுகள் எங்கும் முடிவதில்லை. அவை மூடிய வளையங்களாகவே அமைகின்றன. ஆகவே நிலையான புலத்துக்கு எளிய மாற்றுவழியொன்றைத் தந்து திருப்பிவிடுவதே நடைமுறையில் சாத்தியம். அதற்குத் தேனிரும்பு போன்ற ஃபெர்ரோ காந்தப் பொருள் வேண்டும்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. ஆனால் திசைகாட்டியை மட்டும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். அது அளக்க வேண்டிய புவியின் புலம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லாதான். பெட்டி அதையும் திருப்பிவிடும். மூட வேண்டியது ஒலிபெருக்கியின் காந்தத்தை.

மறுமொழி 3

மியூ-மெட்டல் வாங்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். ஏறத்தாழ 80 விழுக்காடு நிக்கல் கொண்ட இக்கலவையின் ஒப்புமை உட்புகுதிறன் பல பத்தாயிரங்களைத் தொடும் என்றாலும், 0.8 டெஸ்லா அளவிலேயே அது தெவிட்டிவிடுகிறது; அதாவது அதற்குமேல் புலத்தைத் திருப்பும் திறனை இழக்கிறது. இரும்பு 2 டெஸ்லாவுக்கு மேலும் தாங்கும். தவிர, வளைத்தாலோ தட்டினாலோ மியூ-மெட்டலின் உட்புகுதிறன் பெருமளவு குறைந்துவிடும். அதை மீட்க ஹைட்ரஜன் சூழலில் மிக உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்த வேண்டும். வலுவான காந்தத்துக்கு மிக அருகில் இரும்பே பொருத்தம்.

எந்த உலோகத்தையும்விட முதலில் தொலைவை நம்புங்கள். சிறு காந்தத்தின் புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், இடைவெளியை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே மிஞ்சும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. திசைகாட்டியைத் தண்டொன்றின் மேல் உயர்த்தி, ஒலிபெருக்கியின் பின்புறத்துக்கு இரும்புக் கிண்ணம் பொருத்துகிறோம். மிஞ்சும் புலத்தை அளவுத்திருத்தத்தில் கழித்துவிடலாமா?

மறுமொழி 3

கழிக்கலாம். கிண்ணம் உட்பட எல்லாவற்றையும் இறுதியிடத்தில் பொருத்திய பிறகே வண்டியைச் சுழற்றி அளவுத்திருத்தம் செய்யுங்கள். ஒலிச்சுருளில் பாயும் மின்னோட்டத்தின் புலம் மாறிக்கொண்டே இருப்பதால் அதை இவ்வாறு கழிக்க முடியாது; ஒலி நின்றிருக்கும் வேளையில் திசையை அளந்துகொள்ளுங்கள்.