விண்வெளி நிலையத்தில் ஓர் இருக்கை: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

நிலா: சித்தப்பா, சர்வதேச விண்வெளி நிலையத்தில் விரிசல் விழுந்து காற்று கசிவதாகப் படித்தேன். அப்படிப்பட்ட இடத்தில் ஆட்களை ஏன் இன்னும் தங்கவைத்திருக்கிறார்கள்?

செல்வம் சித்தப்பா: நீ படித்தது உண்மைதான், நிலா. ரஷ்யாவின் ஸ்வெஸ்தா பகுதியின் பின்முனையில், சரக்குக் கலம் வந்து இணையும் இடத்துக்குச் செல்லும் சிறிய இடைவழியில் 2019-இல் கசிவு தொடங்கியது. 2020-இல் அங்கே தேயிலைத் துகள்களை மிதக்கவிட்டு, கதவை மூடி, அவை எந்தப் பக்கம் நகர்கின்றன என்று கேமராவில் பார்த்துத்தான் ஒரு விரிசலின் இடத்தைக் கண்டுபிடித்தார்கள்.

வாசுகி அத்தை: இடம் தெரிந்த பிறகு அடைத்துவிட வேண்டியதுதானே, செல்வம்?

செல்வம் சித்தப்பா: அடைத்தார்கள் அக்கா, ஆனாலும் பல ஆண்டுகள் கசிவு முழுவதுமாக நிற்கவில்லை. விரிசல் ஏன் விழுகிறது என்பதிலேயே ரஷ்ய, அமெரிக்கப் பொறியாளர்களுக்கும் நெடுநாள் ஒத்த கருத்து ஏற்படவில்லை. இடைவிடாத நுண்ணதிர்வால் உலோகம் களைத்துப்போனது என்றனர் ரஷ்யர்கள். அழுத்தம், உலோகத்தின் தன்மை, சூழல் எல்லாம் சேர்ந்த விளைவு என்றது நாசா. அதனால் தேவையில்லாத நேரத்தில் அந்த இடைவழியின் கதவை மூடியே வைக்கிறார்கள்.

நிலா: அப்படியானால் உங்களுக்கு மிகவும் கவலை தருவது இந்தக் கசிவுதானா?

செல்வம் சித்தப்பா: இல்லை, கசிவை விடவும் வீடு திரும்பும் இருக்கையை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும், இணைந்து நிற்கும் ஏதாவது ஒரு கலத்தில் இடம் இருந்தாக வேண்டும். 2022 டிசம்பரில் சோயுஸ் எம்எஸ்-22 என்ற ரஷ்யக் கலத்தின் குளிர்விப்புத் திரவம் முழுவதும் வெளியே கொட்டிப்போனபோது, அதில் வந்த மூவரின் பாதுகாப்பும் ஒரே நாளில் கேள்விக்குறியானது. உடனே கிளம்ப நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்காக, அவர்களில் ஒருவரான அமெரிக்க விண்வெளி வீரர் பிராங்க் ரூபியோவின் உடலுக்கென வார்த்த இருக்கை உறையைக் கழற்றி, ஏற்கெனவே நால்வருக்கு உரிய டிராகன் என்ற அமெரிக்கக் கலத்தின் சரக்குப் பகுதியில் பொருத்தினார்கள். ஓர் ஆள் குறைந்தால் சோயுஸின் உள்ளே சூடும் குறையும் என்ற கணக்கில் மற்ற இருவருக்கும் பழுதான கலமே ஒதுக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் ஆளில்லாத மாற்றுக் கலம் வந்து சேரும்வரை நிலைமை இதுதான். ஆறு மாதத்துக்கென்று போன ரூபியோ 371 நாட்கள் கழித்தே திரும்பினார்.

வாசுகி அத்தை: படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது. எல்லோரையும் இறக்கிவிட்டு, நிலையத்தைக் காலியாக விடக்கூடாதா?

செல்வம் சித்தப்பா: நிலா முதலில் கேட்ட கேள்விக்கும் இதில்தான் விடை இருக்கிறது, அக்கா. 400 டன்னுக்கும் மேல் எடையுள்ள அந்த நிலையத்தில் பம்பு நின்றாலோ குழாய் கசிந்தாலோ பழுது பார்க்கக் கைகள் வேண்டும். ஆளில்லாத வேளையில் கட்டுப்பாடு இழந்துவிட்டால், அது எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பசிபிக் பெருங்கடலின் ஆளரவமற்ற பகுதியில் அதைத் திட்டமிட்டு இறக்குவதற்கான தனிக் கலத்தைச் செய்யும் பொறுப்பு 2024-இல்தான் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் கலம் போய் இணையும்வரையாவது நிலையத்தை நல்ல நிலையில் வைத்திருக்க அங்கே ஆட்கள் வேண்டும்.