6,200 பேர் என்ற அந்த ஃபார்வர்டு

பெரியப்பா · காலை 6:10
[பலமுறை பகிரப்பட்டது]
அதிர்ச்சித் தகவல்!! அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்டு உலகம் முழுக்க 6,200 பத்திரிகையாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. பொலிட்டிகோ என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்துக்கு மட்டும் 80 லட்சம் டாலர்! நீங்கள் படிக்கும் எந்தச் செய்தியும் உண்மை இல்லை. அனைவருக்கும் பகிருங்கள்.

பெரியப்பா · 6:11
எல்லோரும் படியுங்கள். பத்திரிகையில் வேலை பார்க்கும் நம் பாப்பா இதற்கு என்ன சொல்கிறாள்?

அத்தை · 6:30
அவள் இரவுப் பணி முடிந்து தூங்குவாள் அண்ணா. எழுந்ததும் சொல்லட்டும்.

நான் · 10:05
எழுந்துவிட்டேன். பெரியப்பா, அந்த எண் சரி. அதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம்தான் தவறு.

நான் · 10:09
6,200 என்பது யூஎஸ்எய்டே வெளியிட்ட 2023-ம் ஆண்டுக் கணக்கு. அத்தனை பத்திரிகையாளர்களுக்குப் பயிற்சியும் உதவியும் தந்ததாகச் சொன்னார்கள். கூடவே 707 அரசு சாராச் செய்தி நிறுவனங்கள், ஊடகத் துறையில் இயங்கும் 279 அமைப்புகள். மாதச் சம்பளம் என்ற பேச்சே அதில் இல்லை. பொலிட்டிகோ விஷயம் சந்தா. 80 லட்சம் டாலர் என்பது அமெரிக்க அரசின் எல்லாத் துறைகளும் சேர்ந்து கட்டியது. யூஎஸ்எய்டு 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துக் கட்டியது சுமார் 44,000 டாலர்.

அண்ணன் · 10:14
சந்தாவும் வருமானம்தானே? கணக்குப் புத்தகத்தில் பணம் பணம்தான்.

நான் · 10:15
உண்மைதான் அண்ணா. பெரிய வாடிக்கையாளர் என்றால் கொஞ்சம் தயக்கம் வரத்தான் செய்யும். ஆனால் அதை லஞ்சம் என்று எழுதுவது வேறு.

பெரியப்பா · 10:21
அப்படியானால் ஒன்றுமே இல்லை என்கிறாயா? ஓர் அரசாங்கம் இன்னொரு நாட்டுச் செய்தி நிறுவனத்துக்குச் சும்மாவா பணம் கொடுக்கும்?

நான் · 10:24
சும்மா கொடுக்காது. அதில் நான் உங்கள் பக்கம்தான்.

நான் · 10:31
ரேடியோ ஃப்ரீ யூரோப் என்ற வானொலி 1950-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. கம்யூனிஸ்ட் நாடுகளில் இருக்கும் மக்களுக்காக அமெரிக்கப் பொதுமக்கள் தரும் நன்கொடையில் நடப்பதாக விளம்பரம் செய்தார்கள். கொட்டியது பெரும்பாலும் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் பணம். 1971-ல் செனட்டர் கிளிஃபர்ட் கேஸ் அதைப் போட்டு உடைத்தார். அப்புறம்தான் அமெரிக்க நாடாளுமன்றமே வெளிப்படையாக நிதி ஒதுக்க ஆரம்பித்தது.

பிரிட்டனும் இதையே செய்தது. 1960-களிலும் 70-களிலும் மத்திய கிழக்கிலும் லத்தீன் அமெரிக்காவிலும் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் சேவையை விரிவாக்க அரசு ரகசியமாகப் பணம் கொடுத்தது. பிபிசி கூடுதல் சந்தா கட்டுவது போலக் காட்டி, அதன் வழியாக அந்தப் பணத்தை ராய்ட்டர்ஸுக்கு அனுப்பினார்கள். 2020-ல்தான் ஆவணங்கள் வெளியே வந்தன.

பெரியப்பா · 10:33
ராய்ட்டர்ஸுமா!

சித்தி · 10:35
ரஷ்யாக்காரர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா?

நான் · 10:40
இல்லை சித்தி. சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் வேலை ஒன்றைச் சொல்கிறேன். 1983 ஜூலையில் டெல்லியிலிருந்து வந்த பேட்ரியாட் என்ற நாளிதழில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை, அமெரிக்க விஞ்ஞானி என்று மட்டும் இருந்தது. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவ ஆய்வகம் உருவாக்கியது என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு ஆண்டு கழித்து ஒரு சோவியத் வார இதழ் ‘இந்தியப் பத்திரிகையே சொல்லிவிட்டது’ என்று அதை எடுத்துக் காட்டியது. பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நாள்பட்ட பொய். இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது 2024-லும் பாருங்கள். ரஷ்ய அரசின் தொலைக்காட்சியான ஆர்டியின் ஊழியர்கள் இருவர், அமெரிக்காவில் ஒரு காணொளி நிறுவனத்துக்கு ஏறக்குறைய 1 கோடி டாலரை மறைத்துக் கொடுத்ததாக அமெரிக்க நீதித் துறை வழக்குப் போட்டது. அதில் பேசியவர்கள் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது என்றார்கள்.

அண்ணன் · 10:44
நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010. பத்திரிகை ஆசிரியர், பத்தி எழுத்தாளர், கார்ட்டூனிஸ்ட், வெளியீட்டாளர் யாரும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. செய்திப் பத்திரிகையில் வெளிநாட்டு முதலீடும் 26 சதவீதம் வரைதான்.

பெரியப்பா · 10:46
நல்ல சட்டம். வெளிநாட்டுக் காசு வாங்கினால் அது செய்தியே இல்லை. முடிந்தது.

நான் · 10:52
பெரியப்பா, கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் ராத்திரி தவறாமல் வானொலியைத் திருகித் திருகிக் கேட்டது என்ன?

பெரியப்பா · 10:53
பிபிசி தமிழோசை. ஏன்?

நான் · 10:55
பிபிசி உலக சேவைக்கு 2014 வரை யார் பணம் கொடுத்தார்கள் தெரியுமா? பிரிட்டன் வெளியுறவுத் துறை.

அத்தை · 10:57
அண்ணா தட்டச்சு செய்வதும் நிறுத்துவதுமாக இருக்கிறார் 🙂

பெரியப்பா · 11:08
அவசரநிலைக் காலத்தில் இங்கே பத்திரிகைகளில் தணிக்கை. உன் தாத்தா கதவைச் சாத்திவிட்டு பிபிசி கேட்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அது பொய்யா?

நான் · 11:16
பொய் இல்லை பெரியப்பா. நான் சொல்ல வருவதும் அதுதான். பணம் வந்த இடத்தை மட்டும் வைத்து ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாது. அதே சமயம் பணம் கொடுத்தவர் கையில் கயிறு இருக்கிறது என்பதையும் மறக்க முடியாது. 1956 சூயஸ் நெருக்கடியில், எகிப்து மீது படை அனுப்பிய பிரிட்டன் பிரதமர் ஈடனின் முடிவை எதிர்த்து எதிர்க்கட்சித் தலைவர் கெய்ட்ஸ்கெல் பேசியதை பிபிசி வெளிநாடுகளுக்கும் சொன்னது. அரசு கொதித்துப் போய், வெளிநாட்டுச் சேவைக்கான நிதியைக் குறைப்போம் என்றது. பிபிசி பணிந்துவிடவில்லை. ஆனால் மிரட்டல் வந்தது.

அண்ணன் · 11:20
ஊழலைப் புலனாய்வு செய்யும் பன்னாட்டுப் பத்திரிகையாளர் அமைப்பு ஓசிசிஆர்பியின் விவகாரம் என்ன? அதிலும் பாதிப் பணம் அமெரிக்க அரசுடையது என்று படித்தேன்.

நான் · 11:29
ஆமாம். 2024 டிசம்பரில் பிரான்ஸின் மீடியாபார்ட் செய்தித் தளமும் இன்னும் சில நிறுவனங்களும் வெளியிட்டன. எல்லோரும் ‘பாதிப் பணம்’ என்பதையே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு உறுத்தியவை ஒப்பந்தத்தில் இருந்த இரண்டு விதிகள். முக்கியப் பதவிகளுக்கு ஆள் எடுக்கும்போது மறுக்கும் உரிமை அமெரிக்க அரசுக்கு உண்டு. அமெரிக்கா கொடுத்த பணத்தில் அமெரிக்காவைப் பற்றிப் புலனாய்வு செய்யக் கூடாது. அதற்கு வேறு பணத்தைப் பயன்படுத்துகிறோம், செய்தியில் யாரும் தலையிட்டதில்லை என்று ஓசிசிஆர்பி பதில் சொன்னது. அவர்கள் வெளியிட்ட ஊழல் செய்திகள் ஆவணங்களோடு நிற்கின்றன. இங்கே ஆளும் கட்சி மீடியாபார்ட் கட்டுரையை எடுத்து இந்தியாவுக்கு எதிரான சதி என்றபோது, தங்கள் கட்டுரையைத் திரித்துவிட்டார்கள் என்று மீடியாபார்ட்டே மறுத்தது.

ஆனாலும் அந்த விதிகள் உறுத்துகின்றன. யாரும் ‘இதை எழுது’ என்று சொல்லத் தேவையில்லை. எந்தத் திசையில் பார்க்கப் பணம் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் ஆட்கள் போவார்கள்.

அத்தை · 11:32
உனக்கு அப்படி நடந்திருக்கிறதா கண்ணு?

நான் · 11:47
நடந்திருக்கிறது அத்தை. ஆறு ஆண்டுக்கு முன் ஒரு நாட்டின் அரசு எங்களில் எட்டுப் பேரை அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? விமானச் சீட்டு, தங்கும் இடம் எல்லாம் அவர்கள் செலவு. புதிய துறைமுகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். திரும்பும் வழியில் பேருந்து ஜன்னலில் தொழிலாளர்கள் தங்கும் தகரக் கொட்டகைகள் தெரிந்தன. வரிசையாக, நாற்பது ஐம்பது இருக்கும். அங்கே இறங்கிப் பேசலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வந்து எழுதும்போது அந்தக் கொட்டகைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அப்புறம் நானே எடுத்துவிட்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அந்த அரசிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை. எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண், எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு இரவு மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். அவள் வேலைக்கு ஏதாவது வருமோ என்று நினைத்தேன். அடுத்த முறை என்னை அழைக்க மாட்டார்களோ என்றும் நினைத்தேன். இரண்டாவதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

சித்தி · 11:50
❤️

அண்ணன் · 11:58
அப்படியானால் இந்த மாதிரி ஊடகங்களுக்கான பணத்தை டிரம்ப் நிறுத்தியது நல்லதுதானே? காசு இல்லை என்றால் கயிறும் இல்லை.

நான் · 12:10
2025 மார்ச்சில் உத்தரவு போட்ட மறுநாளே அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் 1,300-க்கும் மேற்பட்டோரை விடுப்பில் அனுப்பினார்கள். 83 ஆண்டுகளில் முதல் முறையாக ஒலிபரப்பு அடங்கியது. அமெரிக்க அரசின் பணத்தில் நடந்த ரேடியோ ஃப்ரீ ஏஷியாவின் உய்குர் மொழிப் பிரிவையும் அந்த ஆண்டு மூடினார்கள். சீனாவின் சின்ஜியாங்கில் உய்குர் மக்களை அடைத்த தடுப்பு முகாம்களைப் பற்றி முதலில் செய்தி கொடுத்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். அவர்களுடைய உறவினர்கள் பலரைச் சீன அரசு பிடித்து அடைத்தது. அப்படியும் எழுதினார்கள். அந்த மொழியில் அந்த வேலையைச் செய்ய விளம்பரதாரர் யார் வருவார் அண்ணா? காசை நிறுத்தினால் கயிறு மட்டும் அறுவதில்லை. சீன அரசின் ஊடகங்களுக்கோ பணம் நிற்கவில்லை.

எனக்குத் தெரிந்து கேட்க வேண்டியவை இவை: யார் கொடுத்தது, எவ்வளவு, என்ன நிபந்தனை. அதை வாசகருக்குச் சொன்னார்களா? சொல்லிவிட்டால் மீதியை வாசகரே எடைபோடுவார். தாத்தாவுக்கு பிபிசி எந்த நாட்டுடையது என்று தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

பெரியப்பா · மதியம் 1:40
பாப்பா, உன் துறைமுகக் கட்டுரையை நான் வெட்டி வைத்திருக்கிறேன். அலமாரியிலிருந்து எடுத்து இப்போது முழுவதும் படித்தேன். பயணச் செலவு யாருடையது என்று எங்கும் போடவில்லையே.

நான் · 1:52
போடவில்லை பெரியப்பா.

பெரியப்பா · 1:53
இணையத்தில் இன்னும் இருக்கிறதா?

நான் · 1:53
இருக்கிறது.

நான் · மாலை 5:20
ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். அந்த நாட்டு அரசின் செலவில் போன பயணம் என்று கட்டுரையின் தலைப்புக்குக் கீழே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். எடுத்துவிட்ட பத்தி பழைய குறிப்பேட்டில் இருந்தது. அதையும் அனுப்பியிருக்கிறேன்.

பெரியப்பா · 5:34
நானும் நடைப்பயிற்சிக் குழுவில் போட்டிருந்த அந்த ஃபார்வர்டை நீக்கிவிட்டு, 44,000 டாலர் கணக்கை எழுதினேன். அந்தப் பத்தியை இங்கேயும் அனுப்பு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி எடு, கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும்.

நான் · 5:41
[படம்]