வீட்டு வேலைக்கு இன்ஜினியர் ஃபீஸ்: 5% நியாயமா, எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

கரிசல்வாசி:
கோவில்பட்டி பக்கம் 3 சென்ட் மனை, அப்ரூவ்டு லேஅவுட். மண் முழுக்கக் கரிசல். கீழ், மேல் இரண்டு தளமும் சேர்த்து 1,600 சதுர அடி. மேஸ்திரிக்கு லேபர் கான்ட்ராக்ட் விட்டு, சாமான் நானே வாங்கிப் போடுவதாக முடிவு. பிளானுக்கும் மேற்பார்வைக்கும் பேசிய இன்ஜினியர் மொத்தச் செலவில் 5% கேட்கிறார், பாதி முன்பணமாம். மேஸ்திரியோ "பிளான் மட்டும் வாங்கிக்கோங்க சார், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்கிறார். எழுத்தில் என்னென்ன வாங்கணும்? பணத்தை எந்தெந்தக் கட்டத்தில் கொடுக்கலாம்?

தூக்குக்குண்டு:
"பிளான்" என்று மேஸ்திரி சொல்வது அப்ரூவல் பிளானை. அதில் அறை அளவு, சுற்றி விட்ட இடம், எலிவேஷன் இருக்கும்; ஒரு கம்பி கூட இருக்காது. அதை வைத்துக் கட்டினால் காலத்துக்கு (தூணுக்கு) எத்தனை கம்பி என்பதை மேஸ்திரியின் பழக்கம்தான் முடிவு செய்யும். நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியது ஸ்ட்ரக்சுரல் டிராயிங். ஃபுட்டிங் (தூணின் அடித்தளம்), காலம், பீம், ஸ்லாப், படிக்கட்டு ஒவ்வொன்றுக்கும் கம்பி விட்டம், எண்ணிக்கை, ரிங் இடைவெளி, கான்கிரீட் கிரேடு, கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் தடிமன்) எல்லாம் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டது. அதோடு கம்பி வெட்டும் பட்டியலும் அளவு மதிப்பீடும் கேளுங்கள். சாமான் நீங்கள் வாங்குவதால் அந்தப் பட்டியல் இல்லாமல் கம்பி ஆர்டரே போட முடியாது.

கரிசலுக்கு இதைவிட முந்தையது மண் பரிசோதனை. ரிப்போர்ட்டில் மண்ணின் தாங்குதிறனோடு ஃப்ரீ ஸ்வெல் அளவும் (தண்ணீரில் மண் எவ்வளவு உப்புகிறது என்பது) வர வேண்டும். அது 50 சதவீதத்தைத் தாண்டினால் மண் மிக அதிகமாக உப்பும் ரகம். அங்கே அண்டர் ரீம் பைல் (அடியில் குமிழ் போல அகன்ற, மண்ணுக்குள் வார்க்கும் கான்கிரீட் தூண்) போடச் சொல்வது பயமுறுத்தல் இல்லை. குமிழின் விட்டம் தண்டின் விட்டத்தைப் போல 2.5 மடங்கு, ஆழம் 3.5 மீட்டராவது இருக்கும். அந்த முறையில் பிளிந்த் பீமுக்கு (சுவரைத் தாங்கும் தரைமட்ட பீம்) அடியில் 80 மிமீ அளவுக்கு வெற்றிடம் விடுவார்கள். "எதுக்கு சார் ஓட்டை" என்று மேஸ்திரி மண்ணை அடைத்துவிட்டால், மழையில் மண் உப்பி பீமைத் தூக்கும், சுவரில் மூலைவாட்டாக விரிசல் விழும். பேஸ்மென்ட் நிரப்பத் தோண்டிய கரிசலையே திருப்பிக் கொட்டுவதும் அதே கேடுதான், கிராவல் போடுங்கள். ரிப்போர்ட்டைப் பார்க்காமல் ஃபுட்டிங் அளவு சொல்லும் இன்ஜினியருக்கு 1% கூட அதிகம்.

ரசமட்டம்:
ஃபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். சதுர அடிக்கு 2,300 என்று வைத்தால் மொத்தம் 36.8 லட்சம், அதில் 5% என்றால் 1,84,000. டைல்ஸ், கதவு, கிச்சன் ஆடம்பரத்தில் செலவு 42 லட்சம் ஆனால் ஃபீஸ் 2,10,000. நீங்கள் விலை உயர்ந்த டைல்ஸ் வாங்கியதால் இன்ஜினியருக்கு என்ன கூடுதல் வேலை? 5% கூடுதலா குறைவா என்பது ஊருக்கு ஊர் மாறும். என் ஆட்சேபம் சதவீதக் கணக்கின் மேலேயேதான். எல்லாத் தூணுக்கும் 16 எம்எம் கம்பி போட்டால் அவருக்கு நிம்மதியும் வரும், வரவும் கூடும். டிராயிங்குக்கு ஒரு நிலைத் தொகை, தள வருகைக்கு இத்தனை ரூபாய் என்று தனித்தனியாகப் பேசுங்கள்.

வருகையை மாதக் கணக்கில் பேசாதீர்கள். வேலை மூடப்படும் முன் அவர் அங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான்: மார்க்கிங்கில் மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று பார்க்க, குழி அடிமட்டம் பார்க்க, ஃபுட்டிங் கம்பி, பிளிந்த் பீம், ஒவ்வொரு தளத்திலும் காலம், லிண்டலோடு (வாசல், ஜன்னல் மேல் வரும் பீம்) சன்ஷேட், ரூஃப் கம்பி, ரூஃப் கான்கிரீட் நாள், பிறகு பாத்ரூம் சங்கன் ஸ்லாப் (தாழ்த்திப் போட்ட தளம்) நீர் தேக்கிப் பார்ப்பது, பூச்சுக்கு முன் பைப் லைன் பிரஷர் பார்ப்பது. உங்கள் அளவு வீட்டுக்கு 15 முதல் 18 வருகை போதும். ஒவ்வொரு முறையும் தள நோட்டில் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். போனில் போட்டோ பார்த்து "ஓகே" சொல்வது வருகை ஆகாது.

பணம்: கையெழுத்தின்போது 10%, ஸ்ட்ரக்சுரல் டிராயிங் கைக்கு வந்ததும் 30%, மீதியில் பெரும்பகுதி வருகைக்கேற்ப, கடைசி 10% பாத்ரூம் நீர்ச் சோதனை முடிந்த பிறகு. பாதி முன்பணம் வேண்டாம்.

சல்லிக்காரன்:
ரசமட்டம் சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். வருகைக்கு இவ்வளவு என்றால் சில வீட்டுக்காரர்கள் 1,500 ரூபாயை மிச்சம் பிடிக்க "இன்னைக்கு வேண்டாம் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதுவும் ரூஃப் கான்கிரீட் நாளில்! கட்டாய வருகைகளுக்கு மொத்தமாக ஒரு தொகை பேசுங்கள், கூடுதலுக்கு மட்டும் தனி. வேலை இழுத்தால் இன்ஜினியர் நஷ்டப்படக் கூடாது, அதனால் 10 மாதம் போன்ற வரம்பும் எழுதுங்கள்.

கான்கிரீட் போடும் நாளில் அவர் என்ன பார்க்கணும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் ஸ்லாபுக்கு 20 மிமீ, பீமுக்கு 25, காலத்துக்கு 40, ஃபுட்டிங்குக்கு 50. சல்லித் துண்டை முட்டுக்கொடுப்பது கூடாது. சன்ஷேடில் மெயின் கம்பி மேல்பக்கம். ஆட்கள் மிதித்து அமுக்கிவிட்டால் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் சீட்டும் முட்டும்) பிரித்த அன்றே தொங்கும். தண்ணீர் சிமென்ட் மூட்டைக்கு 25–27 லிட்டர், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. கலவை இறுகுகிறது என்று பக்கெட் பக்கெட்டாக ஊற்றுவதுதான் வலு போகும் இடம். 1,000 சதுர அடி, 5 அங்குல ரூஃப் என்றால் சுமார் 11.8 கன மீட்டர். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 கணக்குப்படி 2 மாதிரி, மொத்தம் 6 க்யூப் (வலுவைச் சோதிக்க வார்க்கும் கட்டி). லேப் செலவு யாருடையது என்பதையும் முன்பே எழுதுங்கள். தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள ஸ்லாபுக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14. மேஸ்திரி அடுத்த சைட்டுக்குச் சென்ட்ரிங் சீட் வேண்டும் என்று அவசரப்படுத்துவார், இன்ஜினியர் எழுதித் தராமல் பிரிக்க விடாதீர்கள்.

கரிசல்வாசி:
நன்றி. அப்ரூவல் செலவும் அவரே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார், மொத்தமாகக் கொடுத்துவிடலாமா? பேங்க் லோனும் உண்டு.

ரசமட்டம்:
அரசுக் கட்டணத்தை அவர் ஃபீஸோடு கலக்காதீர்கள். ஒற்றைச் சாளரத் தளத்தில் உங்கள் பெயரில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு விண்ணப்பித்துத் தரும் கூலி மட்டும். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்பதால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் நீங்கள் வருவீர்கள். அங்கே அனுமதி உடனே கிடைக்கும். ஆனால் சான்று கொடுப்பது நீங்கள். பக்கத்தில் விட வேண்டிய இடம் குறைந்தால் மாட்டுவதும் நீங்கள்தான். மார்க்கிங் அன்று அளவுநாடாவோடு நீங்களும் நில்லுங்கள்.

லோனுக்கு ஒவ்வொரு தவணையும் விடுவிக்கும் முன் பேங்க் ஸ்டேஜ் சர்டிபிகேட் (வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற இன்ஜினியர் சான்று) கேட்கும். அது ஃபீஸுக்குள் அடங்குமா, ஒவ்வொன்றுக்கும் தனியாகவா என்று இப்போதே கேளுங்கள். ரூஃப் போட்ட பிறகு கேட்டால் அவர் சொல்வதுதான் விலை.

தூக்குக்குண்டு:
இன்னொன்றும் கேளுங்கள்: அந்த மேஸ்திரியை அறிமுகப்படுத்தியது இந்த இன்ஜினியர்தானா? ஆமாம் என்றால் ஃபுட்டிங் கம்பியையும் ரூஃப் கம்பியையும் பார்க்க மட்டும் வேறொரு இன்ஜினியருக்கு இரண்டு வருகைக்கான காசை ஒதுக்கி வையுங்கள்.