காயமே இல்லாமல் நேர்ந்த மலைப்பாதை மரணங்கள்

கேள்வி (மலைநடையன்): 2021 ஆகஸ்டில் கலிபோர்னியாவில், மெர்செட் ஆற்றின் தெற்குக் கிளையை ஒட்டிய மலைப்பாதையில் ஒரு தம்பதியும் அவர்களுடைய கைக்குழந்தையும் நாயும் காயம் ஏதுமின்றி இறந்துகிடந்தனர். பழைய சுரங்க வாயு, ஆற்றின் நச்சுப்பாசி என்றெல்லாம் அப்போது பேசப்பட்டது. முடிவில் எது உறுதியானது? அந்தக் குழந்தையை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

வைகறை: அக்டோபரில் அதிகாரிகள் அறிவித்த காரணம் கடும் வெப்பம்; நீரிழப்பும் சேர்ந்திருக்கலாம் என்றார்கள். காலையில் ஆற்றை நோக்கி இறங்குவது எளிது. திரும்பி ஏறும்போதோ வெயில் 42 டிகிரி செல்சியஸை ஒட்டியிருந்தது, 2018 காட்டுத்தீயில் மரங்கள் கருகிவிட்டதால் ஒதுங்க நிழலும் இல்லை, கொண்டுபோன ஒரே தண்ணீர்ப் பையும் காலியாகிவிட்டது. உடல் சூடு எல்லை கடந்தால் முதலில் தடுமாறுவது சிந்தனைதான் என்பதால், ஆபத்தில் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

குறிஞ்சி: வைகறை சொல்வது சரிதான். ஆனாலும் வாயுவைச் சந்தேகித்ததில் தவறில்லை ஐயா. அதே மாநிலத்தில் மாமத் மலையடியிலுள்ள ஹார்ஸ்ஷூ ஏரிக்கரையில், மண்ணிலிருந்து கசியும் கரியமில வாயுவால் 1990 வாக்கில் பட்டுப்போகத் தொடங்கிய மரங்கள் இன்றும் பட்டை உரிந்து வெளிறி நிற்கின்றன. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளங்களிலும் பனிக்குழிகளிலும் தேங்கிவிடும்.