புதுப்பிப்பு: அல்காப்டனூரியா, துணிக் கறையும் சர்க்கரைக் குழப்பமும்

அல்காப்டனூரியா என்ற பரம்பரை நோய் உள்ளவர்களின் சிறுநீர் காற்றுபட்டுக் கறுக்கும், கண்ணாடி டம்ளரில் வைத்துப் பாருங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். பேரனின் துணியில் உள்ள கறை சோப்புப் போட்டதும் இன்னும் கறுக்கிறதே என்று காரைக்குடி ஆச்சி ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கவனிப்பு. சோப்பு காரம்; இந்த நோயில் உடல் சிதைக்க முடியாமல் சிறுநீரில் வரும் ஹோமோஜென்டிசிக் அமிலம் காரம் பட்டால் வேகமாகக் கறுக்கும்.

டம்ளர் சோதனை மட்டும் போதாது, அதைத் திருத்திக்கொள்கிறேன். வைட்டமின் சி மாத்திரை எடுத்திருந்தால் கறுப்பது தள்ளிப்போகும். சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பெனடிக்ட் சோதனையோ சர்க்கரை இருப்பதுபோல் காட்டி ஏமாற்றும்; இரத்தச் சர்க்கரை சரியாகவே இருக்கும். சிறுநீரில் அந்த அமிலத்தை அளந்து பார்ப்பதே உறுதி.

சின்ன வயதில் வலி இராது. அந்த அமிலம் உடலில் படியப் படிய, முப்பதை ஒட்டி முதுகு பிடிக்கும், பிறகு முழங்கால், இடுப்பு. காதுமடல் நீலம் பாயும்.

அந்த அமிலம் உருவாவதைக் குறைக்கும் நைட்டிசினோன் மருந்துக்கு ஐரோப்பாவில் 2020-ல் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்தது, நாளுக்கு 10 மி.கி. புரத உணவிலிருந்து வரும் டைரோசின் என்ற பொருள் இரத்தத்தில் ஏறிக் கருவிழி உறுத்தலாம். கண் பரிசோதனையும் கறி, முட்டை, பருப்பில் அளவும் கட்டாயம்.

சொந்தத்தில் கட்டியவர்கள் கவனிக்க: பெற்றோர் இருவரும் இந்நோயின் பழுதான மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 4-ல் 1 வாய்ப்பு.