நன்கொடை கேட்கப் போன இடத்தில் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகாதது. உங்கள் அனுபவம் என்ன?

மாலைவகுப்பு:
தலைப்பைப் போட்டது நான், நானே தொடங்குகிறேன். கிராமங்களில் மாலை வகுப்பு நடத்துகிற சின்ன டிரஸ்ட் எங்களுடையது. கொடுப்பவருக்கு வரிச்சலுகை தருகிற 80ஜி, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு எல்லாம் கையில் இருக்கிறது. ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் அதிகாரி பட்ஜெட்டோடு வரச் சொன்னார். நோட்டு, சோலார் விளக்கு, கரும்பலகை என்று வரிசையாக டிக் போட்டுக்கொண்டே வந்தவர், ‘ஆசிரியர் மதிப்பூதியம்’ என்ற வரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார். “இது அட்மின் செலவு. சட்டப்படி 5 சதவீதம்தான்.” சொல்லிக்கொடுக்கிற பெண்கள் வந்தால்தான் சார் வகுப்பே, விளக்கை யாருக்காக ஏற்றுவது என்றேன். “வாலன்டியர் பிடிங்க மேடம். சேவைதானே?” சொல்லிக்கொண்டே அந்த வரியை அடித்தார். அடித்த இடத்துக்கு மேலே தன் கையாலேயே ‘பேனர், பெயர்ப்பலகை’ என்று எழுதினார். பணம் வந்தது, பலகையும் வந்தது. நன்றாகச் சொல்லிக் கொடுத்த பெண்தான் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். அந்தப் பேனா நின்ற இடம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

கீழ்த்தெரு:
முதியோர் இல்லம். பிறந்தநாள் கோஷ்டியைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு குடும்பத்தின் பிரியாணி, சாயங்காலம் இன்னொரு குடும்பத்தின் கேக். எங்கள் ஆச்சி ஒருவருக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறோம். அவர் வேண்டாம் என்று உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டார். பையனின் அப்பா அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு ஊட்டினார். “இன்னொரு வாய் பாட்டி, ஃபோட்டோ ஆடிப்போச்சு.” மெதுவாகத்தான் விலக்கினார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போகும்போது அவரிடம், டயப்பருக்கும் நைட் டூட்டி அக்காவின் சம்பளத்துக்கும் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். “அதுக்கெல்லாம் கொடுத்தா வீட்ல ஒரு திருப்தி வராது சார்” என்றார். மனுஷன் பொய் சொல்லவில்லை.

பேரேடு:
மாலைவகுப்பு மேடம், அந்த அதிகாரி சொன்னது தவறு. லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கச் சொல்கிற கம்பெனிச் சட்டத்தின் கீழ் வந்த சிஎஸ்ஆர் விதிகளில் 5 சதவீத வரம்பு இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அது கம்பெனி தன் சொந்த சிஎஸ்ஆர் பிரிவை நடத்துகிற பொது நிர்வாகச் செலவுக்கு. ஒரு திட்டத்தைக் களத்தில் நடத்த நேரடியாக ஆகிற செலவு அந்த வரையறைக்குள் வராது. உங்கள் ஆசிரியர்தான் உங்கள் திட்டமே. நம்மைப் போன்ற அமைப்புகளை நேரடியாகப் பிடிக்கிற நிர்வாகச் செலவு வரம்பு எஃப்சிஆர்ஏ-வில், அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் இருக்கிறது. முன்பு 50 சதவீதம், 2020-க்குப் பிறகு 20. இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

என் அனுபவம் சின்னது. நான் கணக்கு பார்த்த ஒரு டிரஸ்ட்டின் தலைவர், உண்டியல் பணத்தைத் துணிப்பையோடு மேசையில் கொட்டி, “ஏதாவது பேர் போட்டு எழுதிக்கோங்க தம்பி” என்றார். நான் எழுதவில்லை. அடுத்த மாதமே வேறு ஆள் வைத்துக்கொண்டார்.

சொல்ல வந்தது இதுதான். பெயர், முகவரி இல்லாத நன்கொடை ஒரு அளவைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம், இரண்டில் எது அதிகமோ அதுவே அந்த அளவு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது, பிறகு உங்களைத்தான் திட்டுவார். 2021-22 நிதியாண்டு முதல் வரித்துறைக்குப் பட்டியல் தருகிற படிவம் (அப்போது அதன் பெயர் 10பிடி) வந்துவிட்டது. மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலை ஏற்றவில்லை என்றால் நாளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். நீங்கள் ரசீது புத்தகத்தில் கிழித்துக் கொடுத்தது மட்டும் போதாது, வரித்துறைத் தளத்திலிருந்து நன்கொடைச் சான்றிதழ் இறக்கித் தர வேண்டும். வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டிலேயே நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். முடியாவிட்டால் வரித்துறைக்குப் படிவம் போட்டு, எதற்காக என்று சொல்லிச் சேர்த்து வைக்கலாம், 5 ஆண்டு வரை. மார்ச் 28-ம் தேதி ஓடிப்போய் நாற்காலி வாங்குகிற பழக்கத்தை விடுங்கள். அப்புறம் கார்ப்பஸ் நிதிக்கு, கொடுப்பவரிடமிருந்து எழுத்தில்...

கரட்டுவழி:
பேரேடு சார், கேட்டது அனுபவம். நீங்கள் வகுப்பெடுத்து முடிப்பதற்குள் எங்கள் ஊர் பஸ் போய்விடும்.

எங்களுக்கும் எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தது, வெளிநாட்டில்தான் ஆள் இல்லை. பெரிய நிறுவனம் ஒன்று பணம் வாங்கி, எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். மலையடிவாரக் குழந்தைகளுக்கு எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது எங்கள் வேலை. 2020 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டு நிதியை ஒரு அமைப்பு இன்னொன்றுக்குக் கைமாற்றவே கூடாது. கூடவே, எஃப்சிஆர்ஏ கணக்கை டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் தொடங்க வேண்டும் என்றும் வந்தது. அதை எல்லோரும் பெரிதாகப் பேசினார்கள், ஆனால் எங்களைச் சாய்த்தது முதலாவதுதான். கொரோனா நேரம் வேறு. பெரிய நிறுவனத்திலிருந்து போன் வந்தது, “எங்க கையில ஒண்ணும் இல்லைங்க.” அவர்கள் மேலும் தப்பில்லை.

நான் சொல்ல வந்தது எங்கள் களப்பணியாளர் அக்காவைப் பற்றி. சம்பளம் இல்லை என்று சொன்ன மறுநாள், எடை பார்க்கும் தராசைத் துடைத்து, தூளி மாதிரி மாட்டுகிற அந்தத் துணியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து வைத்தார். “கணக்குல இருக்குமே, குறிச்சுக்கோங்க.” ஒரு கோபமும் இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கொடுக்கிறவன்:
எல்லோரும் கொடுப்பவர்களையே சாத்துகிறீர்கள். நான் சம்பளக்காரன், மாதாமாதம் ஒரு இல்லத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருமுறை போன வருஷத் தணிக்கை அறிக்கையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். நிறுவனர் சிரித்த முகம் மாறாமல், “ஏன் சார், எங்க மேல சந்தேகமா?” என்றார். பக்கத்தில் இருந்த என் மனைவி என் சட்டையை இழுத்தார், வேறு கேட்காதே என்று. அதோடு நிறுத்திக்கொண்டேன், கேள்வியையும் பணத்தையும். சம்பளத்துக்குக் கொடுக்க மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை கீழ்த்தெரு சார், யாருக்கு எவ்வளவு என்று காட்டுங்கள் என்கிறோம். புதிய வரி முறைக்கு மாறிவிட்டேன், 80ஜி கழிவும் எனக்குக் கிடையாது. வரிக்காகக் கொடுக்கிறோம் என்கிற பேச்சையும் விடுங்கள்.

மாலைவகுப்பு:
பேரேடு சார், மற்றவர்கள் கிண்டல் செய்யட்டும், எனக்கு அந்த விதி எண் வேண்டும். கம்பெனிக்கு மெயில் போடப் போகிறேன்.

பேரேடு:
2014 சிஎஸ்ஆர் விதிகள், 2021 ஜனவரித் திருத்தத்தோடு. வரையறை 2(1)(பி), வரம்பு 7(1). மெயிலில் ‘அட்மின்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு ‘கற்பித்தல் பணி’ என்று தலைப்புப் போட்டு, மாணவர் எண்ணிக்கையை எதிரே எழுதுங்கள். இன்னும் சொல்வேன், கரட்டுவழிக்குப் பஸ் இருக்கிறது.

கீழ்த்தெரு:
கொடுக்கிறவன் சார், காட்டுகிறோம். ஆண்டறிக்கை வாசலிலேயே தொங்குகிறது, இதுவரை அதைப் புரட்டியது எங்கள் பூனை மட்டும். இப்போது வேறு மாதிரி செய்து பார்க்கிறோம். காலண்டரில் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் ‘இரவுப் பணி’ என்று ஒரு கட்டம். ஒரு ராத்திரிச் சம்பளம் ஒருவர் உபயம், பெயர் பலகையில். எடுக்கிறார்கள், பொய் சொல்லக் கூடாது. ஃபோட்டோவுக்கு நைட் டூட்டி அக்காவைக் கூப்பிட்டால், “என் வாயில கேக்கு வைக்கலேன்னா வர்றேன்” என்கிறார். தைப் பக்கம் நிரம்பிவிட்டது. மார்கழி மட்டும் காலியாகக் கிடக்கிறது, அந்த மாதத்தில் யாருமே பிறக்கவில்லை போல.