அழகான படிவம், ஆனால் என்விடிஏவில் ஊமை

கொக்குவில் பெடியன்:
ஒரு கல்வி நிலையத்துக்குப் பதிவுப் பக்கம் செய்கிறேன். பார்வையற்ற தங்கச்சி ஒருத்தி, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளோடு பயன்படுத்திப் பார்த்துவிட்டு, "அண்ணா, பெட்டிகள் எல்லாம் 'எடிட்' என்று மட்டும் சொல்லுது, அனுப்புற பட்டனையே காணேல்லை" என்றாள். எனக்குத் திரையில் எல்லாம் வடிவாகத் தெரிகிறது. எங்கே பிழை?

சாவகச்சேரியான்:
தம்பி, 12 வருடமாக எனக்கு என்விடிஏவோடுதான் குடித்தனம். பெட்டிக்குப் பக்கத்தில் 'பெயர்' என்று எழுதினால் போதாது. அந்தப் பெயரை எச்டிஎம்எல்லில் லேபல் என்ற குறிக்குள் எழுதி, லேபலின் 'ஃபோர்' பண்பில் அந்தப் பெட்டியின் ஐடி, அதாவது அடையாளப் பெயர், இருக்க வேண்டும். பட்டன்? டிவ் என்ற வெறும் கட்டத்துக்கு நிறம் பூசி வைத்திருப்பீர். டேப் விசை அதில் நிற்காது.

பிறகு, பாமினி எழுத்துரு வேண்டவே வேண்டாம். அதில் கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. போன மாதம் ஒரு பக்கத்தில் 'அம்மா'வை எழுத்தெழுத்தாக வாசிக்கவிட்டேன்: "எம், கே, செமிகோலன், கே, எச்". பெற்ற தாய்க்கு இப்படியொரு பெயரா! தமிழ் எழுத்தைத் தமிழாகவே வைத்திருக்கும் யூனிகோடில் எழுதும்.

என்விடிஏ இலவசம்தான். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கியது, அவரும் பார்வையற்றவர். இறக்கி, திரையை அணைத்துவிட்டு உம்முடைய படிவத்தை நீரே நிரப்பிப் பாரும்.

நல்லூர் நிரலி:
பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் (lang) பண்பை, தமிழைக் குறிக்கும் 'டிஏ' (ta) என்று வையுங்கள். இல்லாவிட்டால் தமிழ் ஆங்கிலக் குரலிடம் அகப்பட்டுவிடும்.

கொக்குவில் பெடியன்:
டிவ்தான் அண்ணா, வெட்கமாக இருக்கிறது. மாற்றிவிட்டேன். பிழையான பெட்டி சிவப்பாக மாறும், அது சரிதானே?

சாவகச்சேரியான்:
சிவப்பு எனக்கு எப்படித் தம்பி தெரியும்? 'தொலைபேசி எண்ணில் ஒரு இலக்கம் குறைகிறது' என்று எழுத்தில் சொல்லும். அந்தச் செய்தி வரும் இடத்துக்கு ஏரியா லைவ் (aria-live) என்ற பண்பைப் போட்டால் என்விடிஏ உடனே வாசிக்கும்.